எந்திரிக்காத எட்டு நிமிஷம்

என் தங்கச்சி ஆடின நாற்காலி ஆட்டத்தை அவ படிச்ச டான்ஸ் காலேஜ்ல இப்பவும் புதுசா சேர்ற பிள்ளைங்களுக்கு வீடியோவாப் போட்டுக் காட்டுறாங்களாம். ஒரு முடிவுன்னா எப்படி இருக்கணும்னு பாருங்கன்னு சொல்லித்தான் போடுவாங்களாம். நான் வேலை பாக்குற பல் ஆஸ்பத்திரிக்கு அங்க படிக்கிற பொண்ணு ஒருத்தி வந்தா. நீங்க அவங்க அக்காவான்னு கேட்டுட்டு, அந்த முடிவைப் பாத்து மூணு நாள் தூங்கலைன்னா. கடைவாய்ப் பல்லு வலிக்குதுன்னு வந்தவ. எனக்கு வந்த கோவத்துல அவ டோக்கனைக் கடைசியில தள்ளி வச்சுட்டேன். பாவம், அவ மேல என்ன தப்பு.

அது முடிவே இல்ல. என் தங்கச்சி அமைச்ச ஆட்டத்துக்கு வேற முடிவு இருந்துச்சு. அதை உலகத்துல பாத்தது ரெண்டே பேரு. அதுல ஒருத்தருக்கு அது வேண்டியிருக்கல.

எங்க அப்பா பஸ் கண்டக்டர். முப்பத்தோரு வருஷம் ஓடுற வண்டியில நின்னே பிழைச்சவரு. கம்பியைப் பிடிக்க மாட்டாரு. ஒரு கையில டிக்கெட், ஒரு கையில பை, வாயில விசில். டிரைவர் எவ்வளவு கோவத்துல பிரேக் போட்டாலும் மனுஷன் அசைய மாட்டாரு. வீட்டுக்கு வந்தும் உக்காரமாட்டாரு, சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டே டீ குடிப்பாரு. அம்மா இருந்த வரைக்கும், வண்டி ஷெட்டுக்கு வந்துருச்சு, இறங்குங்கன்னு கிண்டல் பண்ணுவாங்க. எனக்குப் பதினாறு, தங்கச்சிக்கு ஒன்பது இருக்கும்போது அம்மா போயிட்டாங்க. அதுக்கப்புறம் அந்தக் கிண்டலை நான் எடுத்துக்கிட்டேன்.

எங்க ரெண்டு பேருக்கும் அப்பா பட்டப்பேரு வச்சிருந்தாரு. எங்க போனாலும் நான் முதல்ல உக்கார இடம் பாப்பேனாம், அதனால நான் ஸீட்டு. அவ எப்பவும் வாசப்படியில ஒத்தக் கால்ல தொங்கிக்கிட்டு நிப்பா, அதனால ஃபுட்போர்டு. அவ டான்ஸ் படிக்கப் போறேன்னு சொன்னப்போ சொந்தக்காரங்க எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாங்க. அப்பா மட்டும், கம்பியைப் பிடிக்காம நிக்கத் தெரிஞ்ச பிள்ளை, எங்க போனாலும் விழாதுன்னாரு.

அவரு ரிட்டயர் ஆன எட்டாவது மாசம், குளியலறை வாசல்ல விழுந்தாரு. எடது பக்கம் முழுசும் போச்சு. பேச்சு கொஞ்சம் குழறுச்சு, வாயோட எடது ஓரம் தொங்கிருச்சு. முப்பத்தோரு வருஷம் நின்னவரு கை வச்ச மர நாற்காலி ஒண்ணுல உக்காந்தாரு, அவ்வளவுதான். ஹாலுக்கு நடுவுல, ஜன்னலைப் பாத்து. நான் காலையில வேலைக்குப் போகும்போதும் அங்க, சாயங்காலம் வரும்போதும் அங்க. பாக்கப் பாக்க வயித்தெரிச்சலா இருக்கும்.

வாரத்துக்கு ரெண்டு தடவை பிசியோக்காரர் வருவாரு. அவரு சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். நாற்காலி நுனிக்கு வரணும், காலைப் பின்னாடி இழுத்து வைக்கணும், மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேரா வர்ற வரைக்கும் குனியணும், அப்புறம் எந்திரிக்கணும். தினம் பண்ணினா வருஷக் கடைசிக்குள்ள கம்பு ஊனி நின்னுடலாம், விட்டுட்டா சதை சுருங்கிரும், அதுக்கப்புறம் நான் வந்தும் ஒண்ணும் ஆகாதுன்னு எங்க மூணு பேரையும் நிக்க வச்சுச் சொன்னாரு. நிக்க வச்சுன்னு சொல்றேன் பாருங்க. ரெண்டு பேரை நிக்க வச்சு. அப்பா ஒரு மாசம் ஒழுங்காப் பண்ணினாரு. அப்புறம் நாளைக்கு, நாளைக்குன்னு தள்ள ஆரம்பிச்சாரு. நான் திட்டினா ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாரு.

அந்த நேரத்துலதான் தங்கச்சிக்குக் கடைசி வருஷம். அவங்களுக்குக் கடைசிப் பரிட்சை எழுதுறது இல்ல. ஒவ்வொருத்தரும் சொந்தமா ஒரு தனி ஆட்டம் அமைச்சு, மேடையில ஆடிக் காட்டணும். எட்டு நிமிஷம். எட்டு நிமிஷம் முடிஞ்ச அந்த நொடி லைட்டை அணைச்சிடுவாங்க. அதுக்குள்ள ஆட்டம் முடியலைன்னா ஃபெயில், மறுபடி வாய்ப்பு கிடையாது. முந்தின வருஷம் எவனோ ஒருத்தன் இருபது நிமிஷம் மேடையை விட்டு இறங்காம ஆடிட்டானாம், அவனால வந்த சட்டம். அவன் எங்க இருக்கானோ, நல்லா இருக்கட்டும்.

முதல்ல அவ காத்தைப் பத்தி ஒண்ணு பண்ணினா. கையை அங்கயும் இங்கயும் வீசி வீசி ஆடினா. நான் சமையலறை வாசல்ல நின்னு பாத்துட்டு, நல்லாத்தாண்டி இருக்கு, துணி காயப்போடுற மாதிரியே இருக்குன்னேன். ரெண்டு நாள் என்கூடப் பேசல. அவங்க காலேஜ் மேடம் என்னைவிட மோசம். பாத்து முடிச்சுட்டு, "இது எனக்கு ஏற்கனவே தெரியும்"னு மட்டும் சொன்னாங்களாம். அடுத்து அலையைப் பத்திப் பண்ணினா. அடுத்து கண்ணாடி முன்னாடி நிக்கிற ஒரு பொண்ணு. எல்லாத்துக்கும் மேடம்கிட்ட இருந்து அதே பதில். நோட்டுல எழுதுவா, அடிப்பா, பக்கத்தைக் கிழிப்பா. எங்க ஹால்ல தரையில மல்லாந்து படுத்து ஃபேனையே பாத்துட்டு இருப்பா. மத்தவங்க சொல்லிக் குடுத்ததை எல்லாம் எடுத்துட்டா நான் வெறும் காலி டப்பாதான்க்கான்னு ஒரு நாள் சொன்னா. டப்பாவைக் கழுவியாவது வை, பாத்திரம் குமிஞ்சு கெடக்குன்னேன். இப்ப நினைச்சா என் வாயை நானே தைச்சுக்கலாம் போல இருக்கு.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நான் கடைக்குப் போயிருந்தேன். அவ மொட்டை மாடியில துணி துவைச்சுட்டு வாளியோட இறங்கி வந்திருக்கா. வாசல்ல நின்னு பாத்தா, அப்பா யாரும் இல்லைன்னு நினைச்சுக்கிட்டுத் தனியா எந்திரிக்கப் பாக்குறாரு. பிசியோக்காரர் சொன்ன மாதிரி இல்ல. அவரு இஷ்டத்துக்கு, வெறியா. முக்கி, குனிஞ்சு, திரும்ப உக்காந்து, மறுபடியும். ஆறு தடவை. இவ ஓடிப்போய்ப் பிடிக்கல. வாளியைக் கையில வச்சுக்கிட்டே நின்னு பாத்திருக்கா. நான் வரும்போது வாளித் தண்ணி ஹால் முழுக்க ஓடுது, துணி அப்படியே கெடக்குது, இவ தரையில உக்காந்து நோட்டுல எழுதிட்டு இருக்கா. நான் பிலுபிலுன்னு பிடிச்சுக்கிட்டேன். அவ காதுல எதுவும் விழல.

"அக்கா, எந்திரிக்கிறதுக்கு முன்னாடி பதினோரு வேலை நடக்குது"ன்னா. "நமக்கெல்லாம் அது தெரியறதே இல்ல."

நோட்டுல வரிசையா எழுதி வச்சிருந்தா. முதல்ல வாசலைப் பாக்குறாரு, யாராவது வர்றாங்களான்னு. அப்புறம் சோத்துக் கையைத் தொடையில துடைக்கிறாரு. அப்புறம் எடது கையை சோத்துக் கையால தூக்கி மடியில வைக்கிறாரு, தூங்குற குழந்தையைத் தூக்கி வைக்கிற மாதிரி. அப்புறம் மூச்சை அடக்குறாரு. இப்படிப் பதினோண்ணு. அந்தப் பதினோண்ணையும் பிரிச்சு ஒவ்வொண்ணையும் ஒரு ஆட்டமாக்கினா எப்படி இருக்கும்னு கேட்டா. எட்டு நிமிஷமும் ஒருத்தர் நாற்காலியில இருந்து எந்திரிக்கப் பாக்குறதுதான் ஆட்டம். மூணு தடவை கீழ விழணும். கடைசி இருபது விநாடியில நிக்கணும்.

மேடம்கிட்ட முதல் ரெண்டு நிமிஷத்தைக் காட்டினா. அவங்க, அப்பாகிட்டக் கேட்டியான்னு மட்டும் கேட்டாங்களாம். கேக்கல. கேக்க அவளுக்குப் பயம். அன்னைக்கு வீட்டுக்கு வந்து அப்பா காலடியில உக்காந்து எல்லாத்தையும் சொன்னா, ஒளிஞ்சு நின்னு பாத்ததையும் சேத்து. நான் அடுப்படியில நின்னு கேட்டுட்டே இருந்தேன். அப்பா ஜன்னலைப் பாத்துக்கிட்டே, சிரிப்பாங்களான்னு கேட்டாரு. மாட்டாங்கப்பான்னா.

"கடைசியில எந்திரிப்பேன்ல?"

"எந்திரிப்பீங்கப்பா. அதுக்குத்தான் ஆட்டமே."

"அப்ப சரி. நீ அங்க எந்திரி. நான் இங்க எந்திரிக்கிறேன்."

அப்புறம் என்னைக் கூப்பிட்டு அலமாரியில இருந்த அவரு விசிலை எடுத்துட்டு வரச் சொன்னாரு. வாயில வச்சு ஊதிப் பாத்தாரு. தொங்கின ஓரத்துல காத்து எல்லாம் போயிருச்சு, சத்தமே வரல. சட்டையில துடைச்சு அவ கழுத்துல மாட்டிவிட்டாரு. ஒரு விசில்னா நிறுத்து, ரெண்டு விசில்னா போலாம். பஸ்ஸுல ஏறினவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. எந்திரிச்சதும் ரெண்டு விசில் குடுன்னாரு. அவ ஆட்டத்துக்குப் பாட்டு கிடையாது, மேளம் கிடையாது. மூச்சுச் சத்தம், நாற்காலிச் சத்தம், கடைசியில அந்த ரெண்டு விசில். அவ்வளவுதான்னு அன்னைக்கே முடிவாச்சு.

அதுக்கப்புறம் வந்த நாலு மாசம் மாதிரி எங்க வீடு எப்பவும் இருந்ததில்ல. தினம் காலையில ஏழு மணிக்கு ரெண்டு நாற்காலி எதிரெதிரா. ஒண்ணுல அப்பா, ஒண்ணுல அவ. அவரு பயிற்சி பண்ணுவாரு, இவ பாத்து அமைப்பா. அவளுக்கு அது லேசா வரல. நல்லா இருக்கிற உடம்பு ஏமாத்தும். முடியாத காலு மாதிரி நடிக்கும்போதே அந்தக் காலு ரகசியமா உதவி பண்ணிரும். எடது முழங்கால்ல பட்டைத்துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டு ஆடிப் பாத்தா, காலு நீலமாப் போச்சு. அவிழ்த்துட்டு அழுதா. அப்பாதான் அவ தப்பைக் கண்டுபிடிப்பாரு. "காலு இல்ல, தோளைப் பாரு. எடது தோளுதான் முதல்ல பொய் சொல்லுது"ன்னாரு ஒரு நாள். அதை மேடம்கிட்ட போய்ச் சொன்னாளாம், அவங்க நோட்டுல எழுதிக்கிட்டாங்களாம்.

ஒவ்வொரு ராத்திரியும் மறுநாளுக்காக அவளைவிட அப்பாதான் காத்துட்டு இருந்தாரு. பண்ணாம விட்ட நாளே கிடையாது. மூணாவது மாசம் நாற்காலியில இருந்து நாலு விரல் உயரம் தூக்கினாரு. நான் தரையில படுத்துப் பாத்தேன், அவருக்கும் பலகைக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சுது. நாலாவது மாசம் ஒரு சாண். பிசியோக்காரர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, அம்மா, இவரு நின்னுடுவாருன்னாரு. நான் சமையலறைக்குப் போய் முந்தானையைக் கடிச்சுக்கிட்டு அழுதேன்.

சரி, இனி தப்புக்கு வருவோம். யாரு பண்ணின தப்புன்னா, நாங்க எல்லாரும். ஆனா கடிகாரம் என் கையிலதான் இருந்துச்சு.

எங்க வீடு ரெண்டாவது மாடி. கீழ் வீட்டுல ஒரு நர்ஸம்மா. ராத்திரி டியூட்டி, பகல்லதான் தூங்கும். நாங்க எதையாவது கீழ போட்டா துடைப்பக் கட்டையால கூரையில இடிக்கும். அதனால தங்கச்சி வீட்டுல விழவே மாட்டா. விழுற இடம் வந்தா தொடையில கையால ஒரு தட்டு தட்டிட்டு, அடுத்ததுக்குப் போயிடுவா. ஆட்டக்காரங்க அப்படித்தான் பண்ணுவாங்களாம், அதுக்கு மார்க்கிங்னு பேரு. உடம்பை வீணாக்காம, எது எங்க வருதுன்னு கையால குறிச்சுக்கிட்டே போறது. நான் போன்ல நேரம் பாப்பேன். ஏழு நிமிஷம் நாப்பது விநாடி. தினமும் அதே ஏழு நாப்பது. இருபது விநாடி கையில இருக்குடின்னு பெருமையாச் சொல்லுவேன்.

காலேஜ்ல மேடைக் கூடம் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரமும் அவ விழுறதை மட்டும் பழகுவா. முதல் விழுறது, ரெண்டாவது விழுறது, தனித்தனியா, உடம்பு கன்னிப் போற வரைக்கும். வீட்டுல விழாம முழு ஆட்டம். அங்க முழு ஆட்டம் இல்லாம விழுறது. ரெண்டையும் சேத்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் அவ ஆடிப் பாக்கல. மேடம் கேட்டிருக்காங்க, முழுசா ஓட்டிப் பாத்தியா, எவ்வளவு வருதுன்னு. இவ ஏழு நாப்பதுன்னு சொல்லியிருக்கா. பொய் இல்ல. என் போன் சொன்னதைத்தான் சொன்னா.

பரிட்சை ஒரு சனிக்கிழமை மத்தியானம். அப்பாவைச் சக்கர நாற்காலியில வச்சு வேன்ல கூட்டிட்டுப் போனோம். இஸ்திரி போட்ட சட்டை வேணும்னாரு, கண்டக்டர் மாதிரி தலையைப் படிய வாரச் சொன்னாரு. முன் வரிசை ஓரத்துல அவரை நிறுத்தினாங்க, பக்கத்துல நான். நாலாவதா அவ வந்தா. சாம்பல் கலர் சட்டை, கழுத்துல விசில். மேடையில ஒரே ஒரு நாற்காலி. எங்க வீட்டு நாற்காலிதான்.

அவ வாசலைப் பாத்தா. தொடையில கையைத் துடைச்சா. எடது கையைத் தூக்கி மடியில வச்சா. எனக்குப் பக்கத்துல மூச்சுச் சத்தம் கேட்டுச்சு. அப்பாவும் கூடவே மூச்சை அடக்குறாரு.

முதல் தடவை விழுந்தா. தொம்முன்னு ஒரு சத்தம், கூடமே குலுங்குச்சு. வீட்டுல நான் கேட்டது தொடையில ஒரு தட்டு. இங்க விழுந்தவ தரையில கெடந்தா. கையை ஒண்ணு சேத்தா, இடுப்பை இழுத்தா, நாற்காலிக் காலைப் பிடிச்சா, ஏறினா. நான் சொக்கிப் போய்ப் பாத்துட்டே இருந்தேன். ஏறி உக்காந்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டுச்சு. இதுக்கெல்லாம் நான் நேரமே பாக்கலையே.

கூடத்துக்குப் பின்னாடி, லைட்டு போடுறவர் தலைக்கு மேல, சிவப்பு எழுத்துல ஒரு கடிகாரம். திரும்பிப் பாத்தேன். மூணு நிமிஷம் ஐம்பது. வீட்டுல இந்த இடம் மூணே கால். மனசுக்குள்ள கணக்குப் போட்டேன், வேணாம்னு நினைச்சும் போட்டேன். ரெண்டாவது தடவை விழுந்தா. அஞ்சு நிமிஷம் நாப்பது. எந்திரிடி, சீக்கிரம் எந்திரிடின்னு வாய்க்குள்ள முணுமுணுத்தேன். அவளுக்குக் கடிகாரம் தெரியாது, முகத்துல வெளிச்சம் அடிக்குது. மூணாவது தடவை விழுந்தப்போ ஏழு நிமிஷம். அவ அப்பா மாதிரியே மெதுவா, ஒரு அவசரமும் இல்லாம, நாற்காலியைப் பிடிச்சு ஏறினா. நுனிக்கு வந்தா. காலைப் பின்னாடி இழுத்தா. மூக்கு கட்டைவிரலுக்கு நேரா வந்துச்சு. சோத்துக் கை விசிலைத் தொட்டுச்சு.

லைட்டு போச்சு.

இருட்டுல ஒரு சத்தம் இல்ல. அவ மூச்சு மட்டும் மேல்மூச்சு கீழ்மூச்சா வாங்குது. அப்பவாவது ஊதித் தொலைச்சிருக்கலாமேடின்னு அப்புறம் ஒரு நாள் நான் கத்தினேன். வாய்க்குக் கொண்டு போனேன்க்கா, ஊத மூச்சு வரலன்னா. வீட்டுல கையால தட்டித் தட்டி ஆடினவளுக்கு அங்க எவ்வளவு மூச்சு செலவாகும்னு எப்படித் தெரியும்.

கைதட்டல்னா அப்படி ஒரு கைதட்டல். சனங்க எந்திரிச்சு நின்னு தட்டினாங்க. லைட்டு வந்தப்போ அவ நாற்காலியில உக்காந்தபடியே இருந்தா, முழி பிதுங்கி. மூணு எக்ஸாமினர்ல நடுவுல இருந்தவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மைக்கை எடுத்தாரு.

"இதுதான் முடிவா? எந்திரிக்காமலே?"

இல்லைன்னு சொன்னா ஃபெயில். நாலு வருஷம். அவ என்னைத் தேடினா. அப்பாவைப் பாக்கல, என்னைத்தான் பாத்தா. சின்ன வயசுல இருந்து எது கேக்கணும்னாலும் என் மூஞ்சியைத்தான் பாப்பா. நான் தலையை ஆட்டினேன். ஆமான்னு சொல்லுடின்னு, கண்ணை உருட்டி, தெளிவா ஆட்டினேன்.

"ஆமாங்க"ன்னா. "இதுதான் முடிவு."

மறுபடியும் கைதட்டினாங்க. அப்பாவால ரெண்டு கையும் தட்ட முடியாது. எதாவது பிடிச்சிருந்தா சோத்துக் கையால தொடையில தட்டுவாரு. அன்னைக்கு அந்தக் கை சக்கர நாற்காலிக் கம்பியைப் பிடிச்சுட்டு இருந்துச்சு. அவரு கம்பியைப் பிடிச்சு நான் பாத்ததில்ல.

வேன்ல வரும்போதே அவ எல்லாத்தையும் சொன்னா. நேரம் பத்தலப்பா, லைட்டு போயிருச்சுப்பா, இல்லைன்னா ஃபெயில் போட்டுருவாங்கப்பா, நான் எந்திரிக்கத்தான் போனேன்னு. நானும் சொன்னேன், தப்பு என்னோடதுன்னு. அப்பா ம்னாரு. நல்லா ஆடினம்மான்னாரு. அவ முதல் மார்க் வாங்கினா. அந்த நடு எக்ஸாமினர் எழுதின குறிப்புல, பொய்யான நம்பிக்கை தராத நேர்மைன்னு ஒரு வரி. அந்தத் தாளை நான் வீட்டுல யாருக்கும் காட்டல, அடுப்புல போட்டேன்.

மறுநாள் காலையில ஏழு மணிக்கு அவ ரெண்டு நாற்காலியையும் எதிரெதிரா போட்டா. அப்பா உடம்பு அசதியா இருக்குன்னாரு. அடுத்த நாளும் அதையே சொன்னாரு. நாலாவது நாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. பிசியோக்காரர் வந்து கெஞ்சினாரு, திட்டினாரு. இந்த நேரத்துல விட்டா அவ்வளவும் போயிரும் சார்னாரு. அப்பா அவரை உக்காரச் சொல்லி டீ குடுக்கச் சொன்னாரு. ஒரு சாண் உயரம் தூக்கின மனுஷன் ரெண்டு வாரத்துல ஒரு விரல்கூடத் தூக்கல.

அப்பதான் தங்கச்சி ஒரு முடிவுக்கு வந்தா. அவருக்கு முன்னாடி முழுசா ஆடப் போறேன், மார்க்கிங் இல்லாம, விழுந்து, எந்திரிச்சு, விசில் ஊதின்னா. நான் கீழ போய் நர்ஸம்மாகிட்ட, நாளைக்குக் காலையில ஒரு பத்து நிமிஷம் சத்தம் வரும், மன்னிச்சுக்கணும்னு கேட்டேன். ஒரு மாசம் பேசி வாங்க வேண்டியதா இருக்கும்னு நினைச்சுப் போனேன். அந்தம்மா கண்ணைக் கசக்கிக்கிட்டே, "அதுக்கென்ன, ஒரு நாள்தானே, ஆடச் சொல்லு"ன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துச்சு. நான் படியிலேயே உக்காந்துட்டேன். இதை ஒரு மாசம் முன்னாடி கேட்டிருக்கலாம். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வார்த்தை.

மறுநாள் அதே சாம்பல் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்தா. ஹால் சின்னது, விழும்போது அவ தலை அலமாரியில இடிச்சுது. அவ நிறுத்தல. மூணு தடவையும் விழுந்தா. மூணு தடவையும் தரை அதிர்ந்துச்சு, கீழ இருந்து துடைப்பக் கட்டை வரல. நுனிக்கு வந்தா. மூக்கு கட்டைவிரலுக்கு நேரா வந்துச்சு. உடம்பு நடுங்க நடுங்க, கொஞ்சம் கொஞ்சமா, எடது தோளு கூடப் பொய் சொல்லாம எந்திரிச்சு நின்னா. மூச்சை இழுத்துப் பிடிச்சு ரெண்டு விசில் குடுத்தா. என் கையில போன் இருந்துச்சு, பழக்கதோஷம். ஒன்பது நிமிஷம் பத்து விநாடி.

அப்பா அவளையே பாத்துட்டு இருந்தாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்கு ஒரு நிமிஷம் உசுரே திரும்ப வந்த மாதிரி இருந்துச்சு.

"நல்லா இருக்குடா ஃபுட்போர்டு"ன்னாரு. "ஆனா இது எனக்காகப் போட்டது. அங்க அவ்வளவு பேரு முன்னாடி கேட்டாங்க. நீ யோசிச்சு, ஸீட்டைப் பாத்துட்டு, ஆமான்னு சொன்ன. நான் எந்திரிக்கப் போறதில்லன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சுது."

அப்படி இல்லப்பான்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னோம். எங்க காதுக்கே அது பேசி வச்சுக்கிட்டுச் சொன்ன மாதிரி கேட்டுச்சு.

"நான் கோவிக்கலம்மா"ன்னாரு. அப்புறம் என்கிட்டத் திரும்பி, "என்னைக் கட்டில்ல விட்டுரு"ன்னாரு.

தினமும் நான்தான் அவரைக் கட்டிலுக்குத் தூக்குவேன். அவரு கக்கத்துல கை குடுத்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவேன். மூணுல அவரு வலது காலை ஊனி ஒரு எம்பு எம்புவாரு, பாதி எடையை அவரே தூக்கிக்குவாரு. அன்னைக்கும் மூணு எண்ணினேன். அவரு எம்பல. முழு எடையையும் என் மேல விட்டுட்டாரு. ரெண்டு பேரும் சேந்து விழப் போனோம். தங்கச்சி ஓடி வந்து பிடிச்சா, அவ கழுத்து விசில் எங்களுக்கு நடுவுல மாட்டி நசுங்குச்சு. அப்படியே கொண்டு போய்க் கட்டில்ல கிடத்தினோம்.

அதுக்கப்புறம் மூணு எண்ணுறதையே விட்டுட்டேன்.